செய்தி வாக்கியம் நம்மை எந்தப் பக்கம் தள்ளுகிறது? உங்கள் அனுபவம்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் மளிகைக் கடையில் வேலை எனக்கு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தனியார் பேருந்துக்கு அடியில் சிக்கி இந்தியக் கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார், அப்புறம் சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் பேசுவதை வைத்தே யார் எதை முதலில் படித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ‘பேருந்து விபத்தில் ஊழியர் மரணம், தேக்காவில் கலவரம்’ என்ற வரிசையில் படித்தவர்கள் இறந்தவருக்கு எந்த ஊர், குடும்பம் என்ன ஆகும் என்று விசாரித்தார்கள். ‘வெளிநாட்டு ஊழியர்கள் தீ வைத்தனர்’ என்பதில் தொடங்கியவர்களோ, இந்தப் பயல்களை ஏன் இங்கே கூட்டம் கூட விடுகிறார்கள் என்றார்கள். இரண்டு வரியிலும் பொய் கிடையாது.

எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. ‘குடிபோதையில் இருந்த ஊழியர்கள்’ என்று பெயருக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டால் யாரும் நின்று கேட்பதில்லை. அதையே ‘ஊழியர்கள் குடித்திருந்தனர்’ என்று தனி வாக்கியமாகப் போட்டால் எத்தனை பேர், யார் பார்த்தது என்று கேட்கத் தோன்றும். மது பெரிய காரணம் என்று 2014இல் விசாரணைக் குழுவே சொன்னது, 2015இல் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடையும் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒட்டு, அரிசியும் போன் கார்டும் வாங்க மட்டுமே வருகிற எங்கள் வாடிக்கையாளர்கள் மேலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

---

அண்ணே, எனக்கு வானொலியில்தான் இந்தத் தொல்லை. நமக்கு வினைச்சொல் கடைசியில்தானே வரும். ‘கடை முதலாளி பணத்தைக் கையாடிவிட்டு ஜோகூருக்குத் தப்பி ஓடியதாக’ என்பது வரைக்கும் அம்மா சமையலறையிலிருந்து கேட்பார், ‘நம்பப்படுகிறது’ வருவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்து பேசும்போது அந்த ஆள் ஓடிப்போனது உறுதியான செய்தி! போலிஸ் சந்தேகிக்கிறது என்று முதலிலேயே சொன்னால் என்னவாம்?

---

வானொலி பற்றி அக்கா சொல்வது சரி. ஆனால் ‘நம்பப்படுகிறது’ மாதிரி செய்தவர் பெயர் இல்லாத வாக்கியமெல்லாம் சூழ்ச்சி என்று நினைக்கவேண்டாம். ‘கைது செய்யப்பட்டார்’ என்றால் கைது செய்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதை எழுதி இடத்தை வீணாக்குவானேன். எனக்குக் கடுப்பு வருவது ரயில் நிற்கும் நாளில்தான். ‘சேவை தடைப்பட்டது’, ‘சிரமம் ஏற்பட்டது’, எல்லாம் மழை மாதிரி தானாக நடக்கிறது. கீழே போனால் ‘பயணிகள் மாற்று வழிகளைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. செய்தி முழுக்கத் தேடினாலும் ஏதாவது செய்யவேண்டிய ஆள் என்று இருப்பது பயணி மட்டும்தான். அந்தச் செய்தியை மேலதிகாரிக்கு அனுப்பினால், ‘நீங்கள் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமே’ என்று பதில் வருகிறது.