ஆதி ஸ்லாவிய ‘குனெந்த்ஸி’: கடன் சொல்லா, சொந்தச் சொல்லா?

வேர்நாடி: ரஷ்ய மொழியின் க்னியாஸ் (இளவரசன்), செக் மொழியின் க்னெஸ் (பாதிரியார்) இரண்டுக்கும் மூலமாக, ஸ்லாவிய மொழிகளின் தாய்மொழியான ஆதி ஸ்லாவியத்தில் ‘குனெந்த்ஸி’ என்று மீட்டுருவாக்குகிறார்கள், அது அரசனைக் குறிக்கும் ‘குனிங்’ போன்ற சொல்லாக ஜெர்மானியரிடம் வாங்கியது என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தொடக்கம் என்ற பொருளில் ‘கொன்’ ஸ்லாவியத்திலேயே இருக்கிறதே, முதலில் நிற்பவன் தலைவன் ஆகக்கூடாதா? பழைய ஜெர்மானிய மொழியான கோத்தியத்தின் பைபிளில் அரசனுக்கு ‘தியுதன்ஸ்’தான் வருகிறது.

வடதிசை: கொன் கைகொடுக்காது நண்பரே. அந்த வேரின் உயிர் குறுகினால் ககரம் சகரமாகிவிடும், ‘தொடங்குகிறேன்’ என்பதற்கு நாச்சினோன் என்று வருவதைப் பாருங்கள், அதிலிருந்து ‘கு’ பிறக்க வழியே இல்லை. கோத்திய பைபிளில் இல்லாவிட்டால் என்ன, பழைய உயர் ஜெர்மனில் குனிங் இருக்கிறது, ஃபின்னிஷ் மொழி இன்றைக்கும் அரசனை குனிங்கஸ் என்கிறது. அப்புறம் அந்த ‘எந்த்ஸி’ வால்! காசைக் குறிக்கும் பெனெந்த்ஸியிலும் அதே வால், அது ஜெர்மனின் ஃபென்னிக்.

உருபாளன்: வேற்றுமைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவு. ‘த்ஸ’ இருக்கும் இடத்தில் முதலில் இருந்தது ககரம்தான், முன்னால் மூக்கொலி உயிர் நின்றதால் ‘த்ஸ’ ஆனது. பெண்பாலில் பின்னால் வந்த உயிர் அதைத் தடுத்துவிட்டது, அதனால்தான் இளவரசனின் மனைவி ரஷ்யத்தில் இன்றும் க்னியாகீன்யா. உருபுகளும் மென்மையாகி ஒகரம் எகரமாகிவிட்டது: கோட்டையால் என்றால் கோர்தொமி, இளவரசனால் என்றால் குனெந்த்ஸெமி.

வேர்நாடி: சரி, விளிவேற்றுமையை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘இளவரசே’ என்பது குனெஷெ, அந்த ஷெ குரல் அதிரும் ஷெ. ககரம் அப்படி மாறியது முதல் அண்ணமாதலில் (எகரம், இகரம் போன்ற உயிர்களுக்கு முன் ககரம் போன்ற ஒலிகள் மாறிய மாற்றம்), ‘த்ஸ’வை விட அது பழையது. அவ்வளவு முந்தைய மாற்றம் கடன் சொல்லில் எப்படி ஏறியது?

வடதிசை: கடனே அவ்வளவு பழையது என்றால் ஏறத்தானே செய்யும்? ஜெர்மானியரின் தலைக்கவசமான ஹெல்மஸ் ஸ்லாவியத்தில் ஷெல்மு ஆனது அதே முதல் மாற்றத்தில்தான்.

உருபாளன்: அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். தந்தை என்ற ஒத்தித்ஸியின் விளி ஒத்திச்செ, அந்த அச்சைப் பார்த்து பிற்காலத்தில் வந்த சொல்லும் தன் விளியை அமைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

வேர்நாடி: ஷெல்மு வலுவான சான்று, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் கடன் என்று எழுதும்போது ‘ஜெர்மானியம்’ என்று எழுதுங்கள், ‘கோத்தியம்’ என்று எழுதாதீர்கள், அந்தச் சொல் கோத்தியப் பிரதியில் எங்கேயும் இல்லை.