லிஸ்பனில் அம்மாவோடு சாப்பிட ஓர் இடம் சொல்லுங்கள்

அடுத்த மாதம் அம்மாவை லிஸ்பனுக்கு அழைத்துப் போகிறேன். போன தடவை அல்ஃபாமா பக்கம் ஒரு சின்ன உணவகத்தில் ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் கேட்காமலேயே மேசைக்கு வந்தன. சாப்பிட்டேன், பில்லில் தனியாகக் காசு. அதற்குக் 'கூவேர்' என்று பெயர், வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். சரி, இப்போது தெரிந்துவிட்டது.

ஆனால் அங்கே சாப்பிட்ட பக்கலியாவ் ஆ பிராஷ் இன்னும் நாக்கில் நிற்கிறது. உப்பிட்டுக் காய்ந்த காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, தீக்குச்சி மாதிரி நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறுகிறார்கள். கருவாடு என்றால் உயிரை விடும் அம்மாவுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அம்மா பன்றி, மாடு தொடமாட்டார். கீரை சூப்பான கால்து வெர்த்தில்கூட பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுகிறார்கள். முட்டிவலி வேறு. அதிகம் படி ஏறாமல், ஃபாடு பாட்டு கேட்டபடி மீன் சாப்பிட நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.