லாப்ரடாருக்குத் தலைப்பிரசவம்: காத்திருக்கலாமா, டாக்டரிடம் தூக்கணுமா?

கேள்வி:
மூணு வயசு லாப்ரடார் நாய். கிராஸ் ஆகி இன்னிக்கு 62வது நாள். எக்ஸ்ரேயில் ஏழு குட்டி தெரிஞ்சது. நேத்து 100.8 இருந்த டெம்பரேச்சர் காலையில் 98.4. சாப்பிடலை, மூச்சிரைக்குது, சாக்கைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. மதியம் ஆகியும் முக்கலை. தெரிஞ்சவர் ஒருத்தர் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் ஊசி போட்டா சீக்கிரம் வந்துடும்கிறார். போடலாமா?

பதில் 1:
போடவே போடாதீங்க. கர்ப்பப்பை வாய் திறக்காமலோ, குட்டி குறுக்கே மாட்டியோ இருந்தா அந்த ஊசியில் கர்ப்பப்பையே கிழியலாம். டாக்டர் சோதிச்சுப் பார்த்துட்டுப் போடுற மருந்து அது.

99-க்குக் கீழே இறங்கினா பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள பிரசவம். பிறாண்டறது, இரைக்கிறதெல்லாம் முதல் கட்டம். 6 முதல் 12 மணி நேரம் போகும், தலைப்பிரசவத்துக்கு இன்னும் இழுக்கும். தண்ணி வைங்க, வேடிக்கை பார்க்கிறவங்களை அனுப்பிடுங்க. முக்க ஆரம்பிச்ச பிறகுதான் கடிகாரம் பார்க்கணும். விடாம 20-30 நிமிஷம் பலமா முக்கியும் குட்டி வரலைன்னா வண்டியில் ஏத்துங்க. முதல் குட்டிக்கு முன்னாடியே கரும்பச்சையா ஒழுகினா நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையிலிருந்து பிரிய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். உடனே கிளம்பணும்.

பின்னங்கால் முதலில் தெரிஞ்சா பதறாதீங்க. பத்துல மூணு நாலு குட்டி அப்படித்தான் வரும்.

பதில் 2:
பனிக்குடச் சவ்வைத் தாயே நக்கிக் கிழிக்கும். ஒரு நிமிஷத்துல கிழிக்கலைன்னா மூக்குப் பக்கம் நீங்க கிழிச்சு, காய்ஞ்ச துண்டால் முதுகைத் தேய்ங்க. தலைகீழாப் பிடிச்சு வீசற வேலை வேண்டாம், மூளையில ரத்தக்கசிவு வரும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்கலைன்னா வயித்திலிருந்து ஒரு 2 செ.மீ. விட்டு நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, நுனியில் பீட்டாடின் தொடுங்க. இழுக்கக் கூடாது, தொப்புள்ல குடலிறக்கம் ஆயிடும். நஞ்சு எத்தனை விழுந்ததுன்னு எழுதி வைங்க. ஒண்ணு ரெண்டு தின்னா பரவாயில்லை, எல்லாத்தையும் தின்னா பேதியாகும்.

கேட்டவர்:
4.10-க்கு முதல் குட்டி வந்துடுச்சு, நல்லா கத்துது. இப்ப 5.20. முக்கலை, படுத்து நக்கிக்கிட்டிருக்கு. ஆனா பச்சையா வடியுது.

பதில் 1:
முதல் குட்டிக்குப் பிறகு பச்சை வந்தா இயல்புதான். இது ஓய்வு நேரம். 6.10 தாண்டியும் அடுத்தது வரலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க. உள்ளே ஆறு இருக்கு. அதுவரை குட்டியைக் காம்புல விடுங்க. சப்பச் சப்ப அது உடம்பிலேயே ஆக்சிடோசின் சுரக்கும். மறுபடி முக்க ஆரம்பிச்சதும், வெந்நீர் பாட்டிலைத் துணி சுத்தி வைச்ச அட்டைப்பெட்டிக்குக் குட்டியை மாத்திடுங்க. ஃபேனை நிறுத்திடுங்க.