ரோட்டோருவா காட்டில் சைக்கிள் ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்க

வணக்கமுங்க. கோயமுத்தூரிலிருந்து நானும் தம்பியும் ஜூலையில் நியூசிலாந்தின் ரோட்டோருவாவுக்குப் போகிறோம், அங்குள்ள ஃபாக்கரேவரேவா காட்டில் மலைச் சைக்கிள் ஓட்டத்தான். எரிமலை வெடித்துக் குழிந்த பெரும்பள்ளத்தின் ஓரம், 1901-ல் நட்ட ரெட்வுட் மரங்கள், 2006-ல் உலக சாம்பியன்ஷிப் நடந்த தடங்கள் என்று பல வருட ஆசை இது.

அங்கே தடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். மருதமலை அடிவாரத்திலும் மதுக்கரைப் பக்கத்துச் செம்மண்ணிலும் ஓட்டிப் பழகிய எங்களுக்கு எந்தத் தரத்தில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்? தம்பி நேரா 4 என்கிறான், எனக்கு 3-ஆம் தரமே போதும் என்று தோன்றுகிறது. எரிமலை மண் மழைத்தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிடும், ஆனால் அங்கே ஜூலை குளிர்காலம், மர வேர்கள் வழுக்கும், அதனால் எந்த டயர், எவ்வளவு காற்று என்பதையும் சொல்லுங்க.

அப்புறம் முக்கியமான ஒன்று. பழைய சைக்கிளைக் கொண்டுபோனால் அதில் ஒட்டிய மண்ணை ஏர்போர்ட்டில் ரொம்பக் கவனமாகப் பார்ப்பார்கள். கழுவி எடுத்துப் போனவங்க யாராவது இருக்கீங்களா, இல்லை அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் நல்லதா?