டாபர்மேன் குட்டி: மரபணுத் தாள் மட்டும் பார்த்து வாங்கலாமா?

கருப்புவால்: குட்டி பார்க்கப் போன இடத்தில் தாய், தகப்பன் இரண்டுக்கும் டிசிஎம் மரபணுச் சோதனையில் "கிளியர்" என்று தாள் காட்டினார்கள். டிசிஎம் என்றால் இதயத் தசை மெலிந்து, அறை பெருத்து, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துகொண்டே போகும் நோய். எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தீர்களா என்றால், தாள்தான் இருக்கிறதே என்கிறார்கள். வாங்கலாமா?

ராக்கிஅப்பா: வேண்டாம். அந்தத் தாள் பிடிகே4, டிடிஎன் என்று இரண்டு மரபணுக்களை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டும் அமெரிக்க நாய்களில் கண்டுபிடித்தவை. ஐரோப்பிய டாபர்மேன்களில் பிடிகே4-க்கும் நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. கிளியர் வந்த நாய்க்கும் டிசிஎம் வருகிறது. வருடா வருடம் எக்கோ, கூடவே 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் கட்டிவிட்டு இதயத் துடிப்பைப் பதியும் கருவி), வேறு வழி இல்லை. எக்கோ நன்றாக இருக்கும்போதே துடிப்பு தாறுமாறாகி, எந்த அறிகுறியும் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்த நாய் பொத்தென்று விழுந்து போய்விடும், அதைப் பிடிப்பது ஹோல்டர்தான்.

கென்னல்காரன்: சொல்வது சுலபம் சார். இரண்டு வயதில் எல்லாம் சுத்தம், குட்டியும் போட்டாயிற்று, ஆறு வயதில் நோய் வந்தால் அந்தக் குட்டிகளைத் திரும்ப வாங்கவா முடியும்? 2010-ல் வந்த முனிச் ஆய்வில் டிசிஎம் வந்த டாபர்மேன்களின் மொத்தக் கணக்கு 58 சதவீதம். அத்தனையையும் இனப்பெருக்கத்திலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் அண்ணன் தங்கைதான், அப்புறம் வேறு நோய் வந்து நிற்கும். ஹோல்டர் கருவி எத்தனை ஊரில் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

ராக்கிஅப்பா: யார் கழிக்கச் சொன்னது? கடுவனை அவசரப்பட்டு சேர்க்காதீர்கள் என்கிறேன். ஆறு வயது தாண்டியும் ஹோல்டர் சுத்தமாக இருக்கிற கடுவனைத் தேடுங்கள். ஷோவில் ஜெயித்த ஒரே நாயை ஊரில் உள்ள பெட்டைகள் எல்லாவற்றோடும் சேர்த்துவிட்டு, ரத்தம் குறுகிப்போச்சு என்று சோதனை மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

வெட்டாக்டர்: நடுவில் ஒன்று. ஹோல்டரில் ஒரு நாளில் 300-க்கு மேல் கீழறைத் தப்புத்துடிப்பு (இதயத்தின் கீழ் அறையிலிருந்து முன்கூட்டியே வரும் துடிப்பு) இருந்தால் டாபர்மேனில் அது நோய்தான். 50-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் சில மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். இது இனப்பெருக்கத்துக்கு மட்டும் இல்லை, அந்த நாய்க்கும் நல்லது. 2012-ல் வந்த ஆய்வில், அறிகுறி வரும் முன்பே பிமோபெண்டான் என்ற இதய மருந்து கொடுத்த டாபர்மேன்கள் இதயச் செயலிழப்போ திடீர் மரணமோ வரும்வரை இடைநிலையாக 718 நாள் தாங்கின, கொடுக்காதவை 441.

கருப்புவால்: அப்படியென்றால் தாத்தா, பாட்டி எத்தனை வயதில், எப்படிச் செத்தன என்றும் கேட்கிறேன். ஹோல்டர் எடுத்த ஜோடியின் குட்டி என்றால் விலை கூடினாலும் பரவாயில்லை.

கென்னல்காரன்: இங்கே எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "கடைசி விலை என்ன?"