அலாம் பதிவைக் கீழேயிருந்து வாசியுங்கோ

ஜெனரேற்றரோ மில் மோட்டரோ நின்றால் பனலில் உள்ள அலாம் பதிவை எப்படி வாசிப்பது என்று நான்கு ஊர்க்காரர் சொல்வது.

பரந்தனிலிருந்து:

ஜெனரேற்றர் நின்றவுடன் எல்லாருடைய கையும் போவது சிவப்பு ஸ்டொப் பட்டனுக்கு. ரீசெற்றும் அதுதான். அழுத்தினால் திரையில் நின்ற அலாம் போய்விடும், உள்ளே பதிவு மட்டும் மிஞ்சும். அதனால் முதலில் போனில் ஒரு படம் எடுங்கோ, பிறகு அழுத்துங்கோ.

ஜெனரேற்றரின் கொன்ட்ரோல் பனல் டீப் சீ 7320 என்றால் வலப்பக்க அம்புக்குறியை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போக, ‘ஈவென்ற் லொக்’ என்ற பதிவுப் பக்கம் வரும். முதலில் தெரிவது கடைசியாக நடந்தது. கீழ் அம்புக்குறியை அழுத்த அழுத்தப் பழையது வரும்.

பிழைவிடும் இடமும் இதுதான். மேலே நிற்கும் ஒற்றை வரியை வாசித்துவிட்டு சாமான் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அரிசி ஆலையின் ஜெனரேற்றர் செற்றில் மேலே நின்றது ‘லோ ஒயில் பிரஷர்’ (ஒயில் அழுத்தம் குறைவு). ஒயில் சென்சர் மாற்றினார்கள், ஒயிலும் மாற்றினார்கள். அடுத்த நாளும் நின்றது. கீழே இறங்கிப் பார்த்தால் அதே நிமிடத்தில் அதற்கு முதல் ‘அண்டர் வோல்ற்’ (வோல்ற் குறைவு), அதற்கும் முதல் ‘அண்டர் பிரீக்குவன்சி’ (ஹேர்ட்ஸ் குறைவு). நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடி 50 ஹேர்ட்ஸ் தரவேண்டிய எஞ்சின் டீசல் போதாமல் சுற்று இறங்கியிருக்கிறது. சுற்று இறங்கினால் வோல்ற்றும் இறங்கும், ஒயில் பம்பின் அழுத்தமும் இறங்கும். டீசல் பில்ரரைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீரும் சேறும். முதலில் நடந்ததுதான் நோய், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

ஒன்று கவனம்: எச்சரிக்கை எல்லாமே பதிவாகாது. எவற்றைப் பதியவேண்டும் என்று கொம்பியூற்றரில் செற் பண்ணியிருக்கிறார்களோ அவைதான் வரும். செற் பூட்டுபவரிடம் இதை அன்றைக்கே கேட்டுச் செய்விக்க வேணும். பிரிண்டருக்குக் குத்தும் சதுர முனை வயர் இருந்தால் போதும், லப்டொப்பில் முழுப் பதிவையும் இறக்கலாம்.

முல்லைத்தீவிலிருந்து:

பரந்தன்காரர் சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கோ. பற்றரியைக் கழற்றி நாள்கணக்கில் வைத்த பனல்களில் மணிக்கூடு எங்கேயோ நிற்கும். திகதி சரியில்லையென்று பதிவை ஒதுக்க வேண்டாம். எஞ்சின் ஓடிய மணித்தியாலமும் பதிவில் நிற்கும் பனல் என்றால் அந்த எண் பொய் சொல்லாது. டீசல் அடித்த கொப்பியில் அதே எண்ணைத் தேடினால் நாள் பிடிபடும்.

செற் நின்றிருக்கு, பதிவில் ஒன்றுமே இல்லை. அதுவும் ஒரு செய்திதான்: பெரும்பாலும் எழுத முன்னமே பனலுக்குக் கரண்ட் போயிருக்கும். கரையோர ஐஸ் ஆலைகளில் உப்புக்காற்றுப் பட்டு பற்றரி முனையில் பச்சை பூத்திருக்கும். மீற்றரைப் பற்றரியில் வைக்காமல் பனலின் பிளஸ், மைனஸ் ஸ்குறூவில் வைத்து, ஒருவர் ஸ்டார்ட் அடிக்கப் பாருங்கோ. 12 வோல்ற் செற்றில், பற்றரியில் 10 வோல்ற் நிற்க, பனலில் 8-க்குக் கீழே விழுந்தால் பழுது இடையில் உள்ள வயரிலோ பியூஸிலோதான்.

கிளிநொச்சியிலிருந்து:

மில் மோட்டருக்கு ஏபிபி ஏசிஎஸ் 550 டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு: அதன் திரையில் எண் போட்ட பரமீற்றர்களில் குரூப் 04 முழுக்கப் பழுதுப் பதிவு. 0401 கடைசிப் பழுது. 0402, 0403 நாளும் நேரமும். மணிக்கூடு செற் பண்ணாவிட்டால் 0402 திகதியைக் காட்டாது, கரண்ட் கொடுத்ததிலிருந்து எத்தனையாவது நாள் என்றுதான் காட்டும். அதற்கு முந்திய இரண்டு பழுதும் 0412, 0413-இல் இருக்கும்.

ஆட்கள் திறக்காத இடம் 0406-உம் 0407-உம். பழுது விழுந்த கணத்தில் டிரைவுக்குள் இருந்த டிசி வோல்ற்றும், அம்பியரும் அங்கே நிற்கும். 400 வோல்ற் லைனில் டிசி ஏறக்குறைய 540 இருக்க வேணும். அதைவிட நன்றாக இறங்கியிருந்தால் மோட்டரைக் கழற்ற வேண்டாம், லைனைப் பாருங்கோ. 540 சரியாக நிற்க அம்பியர் ஏறியிருந்தால் பெரும்பாலும் நெல் அடைத்திருக்கும் அல்லது பெயரிங் இறுகியிருக்கும்.

வவுனியாவிலிருந்து:

ஜெனரேற்றர் பனலில் வரும் ‘ஹை கூலன்ற் ரெம்பரேச்சர்’ (எஞ்சின் தண்ணீரின் சூடு கூடியது) பற்றி ஒன்று. காலபோக அறுவடை நாட்களில் உமித்தூசி றேடியேற்றரின் தட்டிடுக்குகளில் கம்பளிபோலப் படியும். அதனால் சூடேறினால் பதிவில் அது தனியாக, லோட் கூடிய நேரங்களில் திரும்பத் திரும்ப வரும். எஞ்சின் விசிறி காற்றைத் தள்ளும் திசைக்கு எதிராகக் காற்றடிக்க வேணும். அதே திசையில் அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறுகும்.

ஆனால் அதற்குச் சில நிமிடம் முதல் ‘சார்ஜ் ஒல்ரனேற்றர் பெயிலியர்’ (பற்றரியை சார்ஜ் பண்ணும் ஒல்ரனேற்றர் வேலை செய்யவில்லை) என்று ஒரு வரி இருந்தால் றேடியேற்றரைத் தொடவே வேண்டாம். பல எஞ்சின்களில் ஒல்ரனேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ற். சாவியைக் கழற்றி, பற்றரி மைனஸை விட்டு, எஞ்சின் ஆறியபிறகு காவல் தட்டைத் திறந்து பெல்ற்றைப் பாருங்கோ. அறுந்திருக்கும், இல்லாவிட்டால் வழுக்கி ஓரம் கண்ணாடிபோல மினுங்கும்.