எக்கோ சவுண்டரில் மேலெழுந்த 'பார்' – திருகோணமலைக் கடலில் நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மாமாவின் பலநாள் படகில் நான் முதல் தடவை போன நாள். எங்கள் பக்கம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். துறைமுக வாசலுக்கு வெளியே அப்படியொரு பள்ளத்தாக்கு கடலடியில் கிடக்கிறது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியால் ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரின் திரையில் 350 மீற்றரில் தடித்த பட்டை ஒன்று ஓடியது. வரைபடத்திலோ அங்கே ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழம்.

"மாமா, இங்க ஒரு பார் கிடக்கு." கடலடிப் பாறைத்திட்டைத்தான் நாங்கள் பார் என்போம்.

"அது பார் இல்லை தம்பி. பொழுதுபடும் வரைக்கும் அதையே பாத்துக்கொண்டிரு."

மெஷினை 50 கிலோஹேர்ட்ஸிலிருந்து 200க்கு மாற்றினார். பட்டை காணாமல் போனது. திரும்ப 50க்கு வந்ததும் அதே இடத்தில் நின்றது. 200இல் சின்ன உயிர்கள்கூடத் தெளிவாகத் தெரியும், ஆனால் அந்த ஒலியைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும். குறைந்த அதிர்வெண்தான் ஆழம் போய் வரும். ஆய்வுக் கப்பல்களில் 38, 120 என்று பல அதிர்வெண்களைச் சேர்த்து அனுப்பி, எதில் எதிரொலி பலமாக வருகிறது என்று ஒப்பிட்டு, கீழே இருப்பது மீனா இறாலினமா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கடலில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும். 350 மீற்றர் போய்த் திரும்ப அரைச் செக்கன்கூட ஆகாது.

கரைப் பக்கம் பொழுது சாய்ந்தது. பட்டை அசைந்து மெல்ல மெல்ல மேலே வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் 60 மீற்றர் ஆழத்துக்கு வந்துவிட்டது! கடலின் தரையே எழும்பி எங்கள் படகுக்கு வருகிற மாதிரி இருந்தது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

விடிய ஒரு பெரிய சூரையை வெட்டியபோது அதன் வயிற்றுக்குள் விரல் நீளத்தில் கறுத்த மீன்கள் கிடந்தன, வயிற்றோரம் முத்து முத்தாக ஒளிப்புள்ளிகள். கூடவே கணவாய்க் குஞ்சுகள். இந்த விளக்கு மீன்களில் பலவற்றுக்கு உடலுக்குள் காற்றுப்பை உண்டு. தண்ணீருக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒலியைப் பலமாகத் திருப்பி அடிக்கும். அதனால்தான் ஐதாகப் பரவி நிற்கிற மீன்கள்கூடத் திரையில் பாரைப் போலத் தெரிகின்றன.

1942இல் கலிபோர்னியாக் கடலில் நீர்மூழ்கி தேடும் ஒலிக்கருவிகளோடு வேலை செய்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் என்ற மூவர் இந்தப் பட்டையைக் கண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதிதான் எங்கள் ஊரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1945இல் கடல் உயிரியலாளர் மார்ட்டின் ஜோன்சன் அந்தப் பட்டை இரவில் ஏறிப் பகலில் இறங்குவதைக் காட்டினார். உயிருள்ளது என்பது அப்போதுதான் உறுதியானது. மாமா இதொன்றும் படித்தவரில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்கள் எழுதியவை:

*கணவாய்க்காரன்:*
நாங்கள் லைட் போட்டுக் கணவாய் பிடிக்கிறவர்கள். நிறைநிலவு நாட்களில் அந்தப் பட்டை முழுதாக மேலே வராது, கீழேயே தங்கிவிடும். அதனால் இருட்டு நாட்களைப் பார்த்துத்தான் போவோம். ஒருநாள் எங்கள் லைட்டைப் போட்டதும் பட்டையின் மேல்விளிம்பு அமிழ்ந்ததைக் கண்டேன். அதிலிருந்து, போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் லைட்டை அணைத்து வைத்துத் திரையைப் பார்த்த பிறகே தொழிலைத் தொடங்குவேன்.

*சுவாமிமலையடி:*
நான் கண்டதில்லை, கேட்டிருக்கிறேன். திமிங்கில ஆய்வுக்கு வந்த ஒரு குழுவுக்குப் படகு ஓட்டினேன். ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கி, ஹெட்போனை என் காதில் மாட்டினார்கள். டக், டக், டக் என்று செக்கனுக்கு ஒன்றிரண்டு தரம், கதவைத் தட்டுவது போல. எண்ணெய்த் திமிங்கிலம் என்றார்கள். இருட்டில் கணவாயைத் தேட அது தானே ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கிறதாம். நாங்கள் மெஷினால் செய்வதை அது தலையால் செய்கிறது! தட்டல் வரவர விரைந்து, துருப்பிடித்த கீல் மாதிரிக் கிறீச்சிட்டு, அப்புறம் சட்டென்று நின்றது. பக்கத்திலிருந்த பெடியன் என் தோளைத் தட்டி, "அண்ணை, கிட்டப் போயிட்டுது" என்றான்.